ஷேட் கார்டில் ஒரே சாம்பல்... சுவரில் ஒன்று நீலம், இன்னொன்று பழுப்பு: ஏன் இப்படி?

கடையில் ஷேட் கார்டைப் புரட்டும்போது இரண்டு சாம்பலும் ஒரே மாதிரிதான் தெரியும். 'ரெண்டும் ஒண்ணுதான் சார், ஏதாவது ஒண்ணு சொல்லுங்க' என்பார் பெயின்டர். ரெண்டு கோட் ஏறிய பிறகுதான் ஒன்று நீலம் அடிப்பதும், இன்னொன்று பழுப்பாக இறங்குவதும் தெரியும். அப்போது மாற்றுவதும் கஷ்டம். மெஷினில் டின்ட் கலந்து கொடுத்த பெயின்டைப் பொதுவாகக் கடையில் திரும்ப வாங்க மாட்டார்கள்.

சாம்பல் என்பது பெரும்பாலும் வெறும் கறுப்பும் வெள்ளையும் கிடையாது. வெள்ளை பேஸில் கறுப்போடு நீலம், மஞ்சள், சிவப்பு என்று ஏதாவது கொஞ்சம் சேரும். அதுதான் 'அண்டர்டோன்'. வெளிச்சம் மாறினால் அது மேலே தெரிய ஆரம்பிக்கும். சில ஜோடி நிறங்கள் கடை டியூப்லைட்டில் ஒன்றாகவும், வீட்டு பல்பில் வேறாகவும் தெரிவதுண்டு. இதற்குப் பெயர் மெட்டாமெரிசம்.

'வடக்கு ஜன்னல் அறையில் நேரடி வெயில் விழாது, சாம்பல் நீலமாகத் தெரியும்' என்று வெளிநாட்டு வீடியோக்கள் சொல்லும். சென்னைக்கு இது அப்படியே பொருந்தாது. ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் பாதி வரை இங்கே மதியச் சூரியனே சற்று வடக்குப் பக்கம்தான் இருக்கிறது.

அதைவிட முக்கியம், நீங்கள் அந்த அறையில் எப்போது இருக்கிறீர்கள் என்பது. காலை 9 மணிக்குக் கிளம்பி இரவு 8 மணிக்குத் திரும்புபவர், வாரநாட்களில் அந்தச் சுவரைப் பார்ப்பது பெரும்பாலும் பல்பு வெளிச்சத்தில்தான். 6500 கெல்வின் வெள்ளை எல்இடியில் நீலச் சாயல் தூக்கலாகும். 3000 கெல்வின் வார்ம் பல்பில் மஞ்சள் கூடும். ஆக, முதலில் பல்பை முடிவு செய்யுங்கள். பெயின்ட் அப்புறம்.

இரண்டு ஷேடிலும் சின்ன டப்பா வாங்கி, வெள்ளை சார்ட் பேப்பரில் தனித்தனியாக ரெண்டு கோட் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பழைய சுவரில் நேரடியாக அடித்துப் பார்ப்பதும் வேண்டாம், சுற்றியிருக்கும் பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். பிறகு ராத்திரி லைட்டைப் போட்டு, ஒவ்வொன்றாகத் தரை டைல்ஸ், தேக்குக் கதவு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டைல்ஸ் ஐவரி நிறம் என்றால் நீலச் சாயல் சாம்பல் இன்னும் நீலமாகத்தான் தெரியும்.

தேர்வு செய்ததும் மொத்த அறைக்கும் வேண்டிய அளவை ஒரே தடவையில் கலக்கச் சொல்லுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி வாங்கினால், அதே கோட் நம்பரிலும் லேசான வித்தியாசம் வரலாம்.