ஹோல் போட்ட டிஸ்க்கா, கோடு போட்ட டிஸ்க்கா? காருக்கு பிரேக் ரோட்டர் மாற்றும் முன் கடலூர்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கடலூர் தேவனாம்பட்டினத்தில் சில்வர் பீச்சுக்குப் பக்கத்தில் காரை இரவு முழுக்க வெளியே நிறுத்திப் பாருங்கள். காலையில் சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தால் பிரேக் டிஸ்க் மேல் காபி நிறத்தில் துரு படிந்திருக்கும். முதல் இரண்டு மூன்று பிரேக்குக்கு 'கர்ர்'னு சத்தம் வரும், அப்புறம் அடங்கிவிடும். கடற்கரை ஊர்களில் இது தினசரி சமாச்சாரம்.

இதே ஊரில்தான் டர்போ இன்ஜின் கார்களை ஆசையாக வாங்கி, அலாய் வீல் போட்டு, அடுத்ததாக 'பெர்ஃபார்மன்ஸ் ரோட்டர்' மாற்றலாமா என்று யோசிக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். ஓட்டை போட்டது, கோடு போட்டது, பெரிய சைஸ் என ஆன்லைனில் விதவிதமாகக் கிடைக்கிறது. எது தேவை? எது வெறும் ஷோ?

ரோட்டர் உண்மையில் என்ன செய்கிறது?

பிரேக்கின் வேலை வேகத்தை வெப்பமாக மாற்றுவது. பேட் இரண்டு பக்கமும் அழுத்த, டிஸ்க் சூடாகிறது. அந்தச் சூட்டைக் காற்றில் விடுகிறது. அவ்வளவுதான்.

கணக்கு இதுதான். 1,200 கிலோ எடையுள்ள கார் 100 கி.மீ. வேகத்திலிருந்து நின்றால் சுமார் 4.6 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. அதே கார் 120-ல் இருந்து நின்றால் சுமார் 6.7 லட்சம் ஜூல். வேகம் 20 சதவீதம்தான் கூடியது. வெப்பமோ 44 சதவீதம் கூடிவிட்டது.

இதில் பெரும்பகுதியை முன் சக்கரங்கள்தான் சுமக்கும். 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 100-ல் இருந்து ஒருமுறை நின்றதும் 6 கிலோ எடையுள்ள முன் ரோட்டர் ஒவ்வொன்றும் சுமார் 60 டிகிரி சூடேறும். 8 கிலோ ரோட்டர் என்றால் சுமார் 45 டிகிரி. பெரிய, கனமான ரோட்டரின் நிஜமான பலன் இதுதான்.

அப்போ பெரிய ரோட்டர் போட்டா கார் சீக்கிரம் நிக்குமா?

ஒரே ஒரு அவசர பிரேக்கில் பெரும்பாலும் வித்தியாசம் இருக்காது. கம்பெனி பிரேக்கே சக்கரத்தை லாக் செய்யும் அளவுக்கு, அதாவது ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்கு பலமானது. அதற்கு மேல் காரை நிறுத்துவது டயரும் ரோடும்தான். தேய்ந்த டயரில் ஓடும் காருக்கு எந்த ரோட்டர் போட்டாலும் பயனில்லை.

வித்தியாசம் தெரிவது திரும்பத் திரும்ப பிரேக் அடிக்கும்போது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, அல்லது ரேஸ் டிராக்கில் ஓட்டும்போது ரோட்டர் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. இரண்டு விதமான அறிகுறிகள் வரும்:

• பெடல் கட்டையாக இருக்கிறது, ஆனால் கார் நிற்க மறுக்கிறது என்றால் பேட் தாங்கும் சூட்டைத் தாண்டிவிட்டது.
• பெடல் மெத்தென்று உள்ளே போகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது.

இரண்டாவது பிரச்சினை கடலோரக் கார்களுக்கு முக்கியம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். இரண்டு வருஷமாக ஆயில் மாற்றாத காருக்கு புது ரோட்டர் வாங்குவது, ஓட்டைக் குடத்துக்கு பெயின்ட் அடிப்பது போல.

எத்தனை வகை ரோட்டர்?

*சாதாரண வென்டிலேட்டட்:* இரண்டு தகடுகளுக்கு நடுவே காற்றுப் பாதை உள்ள வார்ப்பிரும்பு டிஸ்க். பெரும்பாலான கார்களின் முன் சக்கரத்தில் இருப்பது இதுதான். தரமான தயாரிப்பாக இருந்தால் ரோட்டுக்கு இதுவே போதும்.

*ஹோல் போட்டது:* பழைய காலத்து பேட்கள் சூடானால் வாயு கக்கும். அது வெளியேறத்தான் ஓட்டை. இன்றைய பேட்களில் அந்தப் பிரச்சினை குறைவு. மழையில் தண்ணீர் விலக உதவும், பார்க்கவும் அழகு. ஆனால் இரும்பு குறைவதால் சூடு தாங்கும் சக்தியும் கொஞ்சம் குறையும். டிராக்கில் கடுமையாக ஓட்டினால் ஓட்டையிலிருந்து விரிசல் கிளம்பலாம். கடற்கரையில் ஓட்டைகளுக்குள் துருவும் மணலும் அடையும்.

*கோடு போட்டது:* வரிகள் பேட் முகத்தைச் சுரண்டிச் சுத்தமாக வைக்கும். விரிசல் அபாயம் குறைவு. பேட் சீக்கிரம் தேயும், லேசாகச் சத்தமும் வரும். டிராக்கில் ஓட்டுபவர்கள் பலரும் இதைத்தான் தேர்வு செய்கிறார்கள்.

*கார்பன் செராமிக்:* துருப்பிடிக்காது, எடை குறைவு. விலையோ லட்சங்களில். சூப்பர் கார்களின் சமாச்சாரம்.

கடல் காற்றுக்கு எது தாங்கும்?

பேட் உரசும் பரப்பில் படியும் மெல்லிய துரு ஆபத்தில்லை, ஓட்டினால் போய்விடும். கவலைப்பட வேண்டியது மற்ற இடங்கள். நடுக்கிண்ணம், விளிம்பு, உள்ளே இருக்கும் காற்றுப் பாதை ஆகியவை அரித்தால் டிஸ்க் ஆயுசு குறையும். அதனால் இந்தப் பகுதிகளில் துத்தநாகம் போன்ற துருத் தடுப்புப் பூச்சு உள்ள ரோட்டரைக் கேட்டு வாங்குவது கடலூர், புதுச்சேரி பக்கத்துக்கு நல்லது. ஓட்டையை விட இந்தப் பூச்சுதான் இங்கே அதிகம் உழைக்கும்.

இன்னொன்று, டிஸ்க் உட்காரும் ஹப் முகம். அங்கே துரு இருக்கும்போதே புது டிஸ்க்கை மாட்டினால், அது மயிரிழை கோணலாக உட்காரும். சில ஆயிரம் கிலோமீட்டரில் ஸ்டியரிங் உதறும். "டிஸ்க் வளைஞ்சு போச்சு" என்று சொல்லப்படும் பல கேஸ்களில் உண்மையில் நடப்பது இதுதான்: கோணலாகச் சுற்றி, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். ஹப்பை கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் முறுக்கச் சொல்லுங்கள்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது

• டிஸ்க்கில் குறைந்தபட்ச தடிமன் மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போன டிஸ்க்கை லேத்தில் கடைந்து ஒப்பேற்றக் கூடாது.
• ஒரு சக்கரத்துக்கு மட்டும் மாற்றக் கூடாது, ஜோடியாகத்தான். கூடவே புது பேட்.
• பெரிய சைஸ் என்றால் கேலிப்பர் பிராக்கெட்டும் மாற வேண்டும். வீலுக்குள் இடமும் வேண்டும். முன்பக்கம் மட்டும் பலம் கூட்டினால் முன்–பின் பிரேக் சமநிலை குலையும். போலோ ஜிடி டிஎஸ்ஐ போல பின்னால் டிரம் உள்ள கார்களில் இதை யோசித்தே ஆக வேண்டும்.
• புதிதாக மாட்டியதும் காலியான சாலையில் மிதமான வேகத்திலிருந்து எட்டு, பத்து முறை முழுசாக நிறுத்தாமல் பிரேக் பிடித்து, பிறகு ஆறவிட்டு பேட்டையும் டிஸ்க்கையும் பழக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க முடியும். அதே அளவில் தரமான மாற்று ரோட்டர் போடுவது உதிரிபாகம் மாற்றுவது மாதிரி. கேலிப்பரோடு பெரிய கிட் மாட்டுவது வேறு விஷயம். ஆர்டிஓ அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திடமும் கேட்காமல் செய்யக் கூடாது.

யாருக்குத்தான் இது தேவை?

சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை, கோவைக்குப் பக்கத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என தமிழ்நாட்டில் நிரந்தர ரேஸ் டிராக்குகள் உள்ளன. அங்கே டிராக் டே போகிறவர்களுக்கு கோடு போட்ட ரோட்டர், அதிக சூடு தாங்கும் பேட், புது ஆயில் ஆகிய மூன்றும் சேர்ந்தால் பலன் நிச்சயம்.

கடலூர்–சிதம்பரம் சாலையில் ஓட்டுபவர்களுக்கு? பணம் செலவழிக்க வேண்டிய வரிசை இது: முதலில் டயர், அடுத்து பிரேக் ஆயில், அதற்கடுத்து நல்ல பேட், கடைசியாகப் பூச்சுள்ள சாதாரண ரோட்டர். ஓட்டை போட்ட டிஸ்க் இந்த வரிசையிலேயே இல்லை.