துயர் பகிரும் பெற்றோர் வட்டம்

விசேட தேவையுடைய பிள்ளையைப் பெற்றோர்க்குச் சுமைகள் இரண்டு உள. ஒன்று பிள்ளையைப் பேணும் சுமை; மற்றையது அதனால் எழும் மனத்துயரைத் தனியே தாங்கும் சுமை. முன்னையதற்கு வைத்தியரும் ஆசிரியரும் துணைநிற்பர். பின்னையதற்கு, அதே துயரை அறிந்த பிற பெற்றோரே ஏற்ற துணையாவர். அத்துணை எவ்வாறு பயன்படுகின்றது என்பதை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

குழுவாகக் கூட்டிப் பரிகரிக்கும் முறை புதியதன்று. 1905 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே யோசேப் பிராற் என்னும் வைத்தியர் வறிய சயரோகிகளை ஒன்றுகூட்டிப் போதித்தார். போதனையோடு, நோயாளர் ஒருவர்க்கொருவர் அளித்த ஊக்கமும் பயன்தந்தமை அங்கே புலனாயிற்று. 1970 இல் இர்வின் யாலொம் என்னும் உளமருத்துவர் குழுச்சிகிச்சை பயன்தரும் காரணங்களை வகுத்துரைத்தார். அவற்றுள் மூன்று பெற்றோர்க்குப் பெரிதும் பொருந்துவன: இத்துன்பம் தமக்கு மட்டும் உரியதன்று என்னும் தெளிவு, தேறினாரைக் கண்டு எழும் நம்பிக்கை, பிறர்க்கு உதவுவதால் வரும் தன்மதிப்பு.

1946 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே யூடி பிரைட் என்னும் தாயார், தம் மகளைப் போன்ற பிள்ளைகளுக்குக் கல்வியும் ஆதரவும் கிட்டாமை கண்டு வருந்தி, ஒரு சஞ்சிகைக்குக் கடிதம் எழுதினார். அதனைக் கண்ட பெற்றோர் பலர் அவருக்கு மறுமொழி எழுதினர். அவ்வாறு உருவான சங்கமே இன்று மென்கப் என வழங்குகின்றது. ஒரு தாயின் கடிதம் பலரின் தனிமையைக் கலைத்தது.

"மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என அயலார் கூறுவர். ஆயின், 1962 இல் சைமன் ஒல்சான்ஸ்கி என்பார், இப்பெற்றோரின் துயர் வாழ்நாள் முழுவதும் நிலவும் இயல்பான துயரேயன்றி நோயன்று என எடுத்துக்காட்டினார். ஒத்த வயதுப் பிள்ளைகள் பள்ளி புகும்போதும் மணம் முடிக்கும்போதும் அது மீண்டும் தலையெடுக்கும். அவ்வேளையில் வேண்டப்படுவது புத்திமதியன்று, பொறுமையோடு கேட்குஞ் செவியே.

நற்குழுவொன்றில் எட்டு முதற் பத்துப் பேர்வரை வட்டமாக அமர்வர். பயிற்சிபெற்ற உளவளத்துணையாளர் ஒருவர் வழிநடத்துவார். அங்கே பேசியது வெளியே செல்லலாகாது என்பது முதல் விதி. ஒருவரை ஒருவர் அறிந்த எமது கிராமங்களில் இவ்விதி தவறின் குழு நிலையாது. பேச விரும்பாதோர் வாளாவிருக்கலாம். பிறர் பிள்ளையோடு தம் பிள்ளையை ஒப்பிடுதல் கூடாது. உறக்கமின்மையும் உயிர்வெறுப்பும் மிக்கோரைத் தாமதியாது உளமருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். குழு மருத்துவத்துக்கு மாற்றாகாது.

எம்மவரிடையே பிள்ளையின் குறைக்கு முன்வினையையும் தாயின் கவலையீனத்தையும் காரணங்காட்டும் வழக்கம் இன்னும் முற்றாக மாறவில்லை. அப்பழிக்கு அஞ்சியே பலர் பிள்ளையை வீட்டினுள் மறைக்கின்றனர். குழுக்களுக்கு வருவோரும் பெரும்பாலும் தாய்மாரே. தந்தையர் உழைப்பைக் காரணங்காட்டி ஒதுங்குவர். "எமக்குப்பின் இப்பிள்ளைக்கு யார்?" என்னும் வினாவோ இருவர் நெஞ்சிலும் ஒருங்கே உறைகின்றது.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் இத்தகைய தந்தையரும் மாமன்மாரும் இருப்பர். அன்னார் மனைவியரோடும் சகோதரியரோடும் அவ்வட்டத்தில் தாமும் சென்று அமர்வாராக. ஏனையோர் மாதத்தில் ஒருநாள் கூடுதற்கு ஓரிடமும், அவ்வேளையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டொருவரும் உதவுவாராயின், அதுவே போதிய தொடக்கமாகும்.