சாரல் சீசனில் தளம் போடுறீங்களா? மிஷின் சும்மா நின்னா காசு கரையும்!

தென்காசி,

குற்றாலத்துல சாரல் விழுந்தா சுற்றுலா பயணிகளுக்கு கொண்டாட்டம். ஆனால் வீடு கட்டுறவங்களுக்கு திண்டாட்டம். ஜூன் முதல் ஆகஸ்டு வரை ஆரியங்காவு கணவாய் வழியா வரும் மேகம் தென்காசி, செங்கோட்டை, இலஞ்சி பக்கம் எப்ப தூறும்னு சொல்ல முடியாது. இந்த நேரத்துல தளம் போட நாள் குறிச்சவங்க, பொருளையும் மிஷினையும் சரியா கையாளலைன்னா ஆயிரக்கணக்கில் நஷ்டம் வரும்.

95 மூடை கணக்கு

1,000 சதுர அடி, 5 இஞ்ச் கனத்துல தளம் போட சுமார் 416 கன அடி கான்கிரீட் வேணும். ஒன்றுக்கு ஒன்றரை மணல், மூன்று ஜல்லி கணக்குல சுமார் 95 மூடை சிமெண்டு செலவாகும்.

ஒரு மூடை கலவை மிஷின்ல, பொருள் கொட்டி, 2 நிமிஷம் சுத்தி, இறக்க மொத்தம் 5 நிமிஷம். 95 மூடைக்கு 8 மணி நேரம். காலை 8 மணிக்கு ஆரம்பிச்சா, சாப்பாட்டு நேரத்தை சேர்க்காம, மாலை 4 மணிக்கு முடிஞ்சிடும். ஜல்லி தூரத்துல கிடந்து, தண்ணிக்கு ஆள் ஓடி, மூடைக்கு 3 நிமிஷம் கூடினா? கிட்டத்தட்ட 5 மணி நேரம் கூடுதல். இருட்டிடும். ஆள் கூலி, மிஷின் வாடகை எல்லாம் எகிறும்.

அதனால மணல், ஜல்லி, தண்ணி தொட்டி மூணும் மிஷின் வாய் பக்கத்துலயே இருக்கணும். டீசல், வைப்ரேட்டருக்கு மாற்று ஊசி முதல் நாளே வாங்கி வைக்கணும்.

சிமெண்டு பத்திரம்

மூடையை வெறும் தரையில் போடக்கூடாது. பலகை மேல, சுவர்ல இருந்து ஒரு அடி தள்ளி, 10 மூடைக்கு மேல் அடுக்காம, தார்ப்பாய் போட்டு மூடணும். முதல்ல வந்த மூடையை முதல்ல செலவழிக்கணும். மூணு மாசம் கிடந்த சிமெண்டு பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை குறையும். கட்டி தட்டினதை தளத்துக்கு போடவே கூடாது.

மணலும் ஏமாத்தும்

ஈர மணல் உப்பி நிற்கும். பெட்டி நிறைஞ்ச மாதிரி தெரியும், உள்ளே மணல் குறைவு. கண்ணாடி பாட்டில்ல 20 செ.மீ. உயரம் ஈர மணல் போட்டு, தண்ணி ஊத்தி கலக்குங்க. 16 செ.மீ.க்கு இறங்கினா, 25 சதவீதம் கூடுதலா அளக்கணும். மணல்லயே தண்ணி இருப்பதால் ஊத்தும் தண்ணியை குறைக்கணும். மொத்த தண்ணி மூடைக்கு 30 லிட்டருக்கு மேல் போகக்கூடாது. தண்ணி கூடினா தளம் பலம் இழக்கும்.

நடுவுல மழை வந்தா?

தளம் முழுக்க மூடும் அளவு தார்ப்பாய் தயாரா இருக்கணும். வேலையை எந்த இடத்தில் நிறுத்தலாம்னு என்ஜினீயரிடம் முன்கூட்டியே கேட்டு வச்சுக்கணும். கலந்த கலவையை அரை மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கணும். இறுகினதுக்கு தண்ணி ஊத்தி திரும்ப கலக்குவது, நாளைக்கு ஒழுகும் வீட்டுக்கு இன்னைக்கே அச்சாரம் கொடுப்பது மாதிரி.