"நீ முன்னே போ, நான் வருகிறேன்!"

ரங்கத் வட்டாரத்தில் வேலை பார்க்கும் நம்மவர்கள் விடுமுறை நாளில் நாலு பேராகச் சேர்ந்து நடந்து போவதுண்டு. எரட்டா ஜெட்டியில் படகேறி, லாங் ஐலண்டில் இறங்கி, காட்டுப் பாதை வழியே லாலாஜி பே கடற்கரைக்குச் செல்வோரும் உண்டு. அப்போது ஒருவர் வேகமாக நடப்பார். இன்னொருவருக்குச் செருப்புக் கடிக்கும். "நீ முன்னே போ, நான் பின்னால் வருகிறேன்" என்ற பேச்சு எழும்.

சாதாரணப் பேச்சுதான். ஆனால் எங்கே காத்திருப்பது, எத்தனை மணி வரை, வராவிட்டால் என்ன செய்வது என்ற மூன்றையும் முடிவாகப் பேசாமல் பிரிந்தால் என்ன ஆகும்? 1861-ல் ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

ஒன்பது மணி நேரம்

அந்தக் கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடக்க, ராபர்ட் பர்க் தலைமையில் ஒரு குழு 1860 ஆகஸ்ட் 20-ந் தேதி மெல்போர்னிலிருந்து புறப்பட்டது. அவர்களுடைய ஒட்டகங்களில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டு போகப்பட்டவை. வழியில் கூப்பர் ஓடைக் கரையில் முகாம் அமைத்து, டிசம்பர் 16-ந் தேதி குழு பிரிந்தது. பர்க், வில்ஸ், கிங், கிரே ஆகிய நால்வர் வடகடலை நோக்கிச் சென்றனர். பிராகே என்பவரும் மற்ற மூவரும் முகாமில் தங்கினர். அம்மூவரில் ஒருவர், ஒட்டகங்களைக் கவனிக்க இந்தியாவிலிருந்து போன தோஸ்த் முகமது.

"மூன்று மாதம் காத்திரு" என்றார் பர்க். "நான்கு மாதம் இரு" என்று தனியே கேட்டுக்கொண்டார் வில்ஸ். பிராகே நான்கு மாதமும் ஐந்து நாளும் காத்திருந்தார். துணைவர் ஒருவர் நோயில் விழுந்தார். ஏப்ரல் 21-ந் தேதி காலையில், உணவில் ஒரு பகுதியை மண்ணில் புதைத்து, மரத்தில் "தோண்டு" என்று செதுக்கிவிட்டு அவர்கள் கிளம்பினார்கள்.

அன்று மாலையே பர்க், வில்ஸ், கிங் மூவரும் வந்து சேர்ந்தார்கள். இடைவெளி சுமார் ஒன்பது மணி நேரம்! கிரே நான்கு நாளுக்கு முன் வழியில் இறந்திருந்தார். அவரை அடக்கம் செய்ய ஒரு நாள் ஆகியிருந்தது.

கடிதம் சொல்லாத செய்தி

தோண்டியதில் உணவும் கடிதமும் கிடைத்தன. ஒட்டகங்களும் குதிரைகளும் நல்ல நிலையில் இருப்பதாகக் கடிதம் கூறியது. ஆகவே எட்டிப் பிடிக்க முடியாது என்று பர்க் முடிவு செய்தார். ஆனால் பிராகே அன்றிரவு தங்கியது வெறும் 22 கி.மீ. தொலைவில்தான்.

மூவரும் வேறு திசையில், சுமார் 240 கி.மீ. தொலைவிலிருந்த பண்ணையை நோக்கிப் புறப்பட்டார்கள். தாங்கள் வந்து போன விவரத்தை எழுதிப் புதைத்தார்கள். ஆனால் மரத்தில் இருந்த எழுத்தை மாற்றவில்லை. மண்ணையும் பழையபடியே மூடிவிட்டார்கள். மனம் கேளாமல் பிராகே மே 8-ந் தேதி திரும்பி வந்து பார்த்தார். எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. தோண்டாமலே போய்விட்டார்.

பண்ணையை எட்ட முடியாமல் மூவரும் ஓடைக்கே திரும்பினார்கள். நம் ஊர் ஆரைக்கீரையின் இனமான நார்டூ என்னும் செடியின் காயை இடித்துத் தின்று நாளைக் கழித்தார்கள். ஜூன் இறுதி வாக்கில் பர்க்கும் வில்ஸும் மாண்டனர். கிங்கை யந்த்ருவந்தா பழங்குடியினர் உணவளித்துக் காப்பாற்றினர். செப்டம்பர் 15-ந் தேதி தேடும் குழு அவரைக் கண்டுபிடித்தது. அந்த மரம் இன்றும் நிற்கிறது.

நாம் செய்ய வேண்டியது

ரங்கத்தில் பாலைவனம் இல்லை. ஆனால் இங்கே பகல் சீக்கிரம் முடிந்துவிடும். டிசம்பர் தொடக்கத்தில் மாலை 5 மணி சுமாருக்கே சூரியன் மறைகிறது. சென்னையில் பழகியவர்கள் இதில் ஏமாந்து போவார்கள். காட்டுக்குள் இருட்டு அதற்கும் முன்னே வரும். கடலோரத்தில் வெள்ளம் ஏறினால் போன வழி மூடிவிடும். உப்பங்கழிகளில் முதலையும் உண்டு. பல இடங்களில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது.

ஆகவே, கூடியவரை பிரியாமல் நடப்பது நல்லது. பிரியத்தான் வேண்டுமென்றால், காத்திருக்கும் இடம் இருவரும் கண்ணால் பார்த்த இடமாக இருக்கட்டும். "சாயங்காலம்" என்று சொல்லாமல் மணியைச் சொல்லுங்கள். அந்த மணி தாண்டினால் தனியே காட்டுக்குள் தேடப் போகாமல், அருகிலுள்ள வனத்துறையினருக்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லுங்கள். காத்திருந்த இடத்தை விட்டுப் போக நேர்ந்தால், போகும் திசையையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். காலில் அடிபட்டிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். பின்னால் வருபவர் அந்தச் சீட்டைப் பார்த்ததும், தாம் வந்து போனது தெரியும்படி ஏதாவது அடையாளம் செய்ய வேண்டும்.

இன்னொன்று: டார்ச் ஒருவரிடமும் தண்ணீர் மற்றவரிடமுமாகப் பிரியாதீர்கள். இரண்டும் இருவரிடமும் இருக்க வேண்டும். இதையெல்லாம் பேசிக்கொள்ள இரண்டு நிமிடம் போதும்.