நிகழ்வும் நோக்கும்

திருமணம், பணி ஓய்வு, இடப்பெயர்வு, உறவினர் மறைவு முதலிய பெருநிகழ்வுகள் மனித வாழ்வின் போக்கையே மாற்றுகின்றன. அவை உள்ளத்தையும் உடலையும் எவ்வாறு பாதிக்கின்றன என்பது உளவியலார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினாவாகும்.

அளவிடும் முயற்சி

அமெரிக்க மனநல மருத்துவர்களான தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ரே ஆகியோர் 1967ஆம் ஆண்டு 43 வாழ்க்கை நிகழ்வுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் வழங்கினர். வாழ்க்கைத்துணையின் இறப்புக்கு 100, திருமணத்திற்கு 50, பணி ஓய்வுக்கு 45, பள்ளி மாறுதலுக்கு 20. இன்பமாயினும் துன்பமாயினும், மாற்றத்திற்கேற்பத் தம்மைச் சீரமைத்துக்கொள்ள மனிதர் உழைக்க வேண்டியுள்ளது என்பதே இதன் அடிப்படை. எனினும், ஒரே நிகழ்வு அனைவரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. பணி ஓய்வு ஒருவருக்கு விடுதலையாகவும் மற்றொருவருக்கு வெறுமையாகவும் தோன்றலாம்.

நோக்கின் பங்கு

இவ்வேறுபாட்டை ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் ஆகியோர் 1984இல் வெளியிட்ட நூலில் விளக்கினர். நிகழ்வைச் சந்திக்கும் மனம் இரண்டு வினாக்களை எழுப்புகிறது. 'இதனால் எனக்கு என்ன நேரும்?' என்பது ஒன்று. 'இதனை எதிர்கொள்ள என்னிடம் என்ன உள்ளது?' என்பது மற்றொன்று. இவற்றிற்குக் கிடைக்கும் விடைகளுக்கேற்ப, அந்நிகழ்வு இழப்பாகவோ அச்சுறுத்தலாகவோ அறைகூவலாகவோ உணரப்படுகிறது.

எழுத்தின் துணை

நோக்குத் தெளிவடைய எழுத்தும் உதவும். ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் ஆகியோர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள்கள், நாளொன்றுக்கு 15 நிமிடங்கள் எழுதினர். தம் துயர நிகழ்வையும் அதுபற்றிய உணர்வுகளையும் சேர்த்து எழுதியோர், எழுதிய வேளையில் வருந்தினர். ஆனால், பின்வந்த மாதங்களில் மருத்துவரை நாடிய தேவை அவர்களுக்குக் குறைந்தது.

நோக்கின் எல்லை

ஆயினும், நோக்கு மட்டுமே அனைத்தையும் தீர்மானிப்பதில்லை. ஜெர்மனியில் ஒரே மக்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தபோது, வேலையிழந்தோர் மீண்டும் வேலை பெற்ற பின்னரும், சராசரியாக, பழைய மனநிறைவை முழுமையாக எட்டவில்லை எனத் தெரியவந்தது. எனவே, துன்புறுவோரிடம் 'உன் எண்ணத்தை மாற்றிக்கொள்' என்று மட்டும் கூறுதல் தகாது.

'என்னிடம் என்ன உள்ளது?' என்னும் வினாவிற்கு மனவுறுதி மட்டுமே விடையன்று. குடும்பம், நட்பு, மருத்துவம், வருவாய் ஆகியனவும் அவ்விடையில் அடங்கும். துயருற்ற நண்பருக்கு அருகிருந்து செவிசாய்ப்பவரும் அவ்விடையின் ஒரு பகுதியாகிறார்.