‘நியூ’வை எங்கே எழுதுவது?

ஜாவா கற்கத் தொடங்கும் மாணவர் முதல் வாரத்திலேயே ‘நியூ’ என்று எழுதி ஆப்ஜெக்ட் உருவாக்கப் பழகிவிடுகிறார். சில மாதங்கள் கழித்து ஸ்பிரிங் பூட்டில் எழுதிய ஒரு புராஜெக்டைத் திறந்தால், முக்கியமான கிளாஸ்கள் எதிலும் அந்தச் சொல்லையே காணோம். ஆப்ஜெக்ட்கள் எங்கிருந்தோ வந்து சேர்கின்றன. பலர் இந்த இடத்தில் புரிந்துகொள்வதைக் கைவிட்டு, ‘ஆட்டோவயர்டு’ என்று போட்டால் ஓடும் என மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். வருத்தமான விஷயம். உள்ளே இருப்பது மிக எளிமையானது; அதைப் புரிந்துகொள்ள எந்த ஃபிரேம்வொர்க்கும் வேண்டியதில்லை.

ஒரு நூலகத்துக்கான புரோகிராமை எடுத்துக்கொள்வோம். கெடு தாண்டியும் புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களுக்கு அது எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். நினைவூட்டும் கிளாஸுக்கு மூன்று துணைகள் தேவை: டேட்டாபேஸிலிருந்து பட்டியல் எடுத்துத் தருவது ஒன்று, செய்தி அனுப்புவது ஒன்று, இன்றைய தேதியைச் சொல்லும் கடிகாரம் ஒன்று. இவையே அதன் டிபென்டென்ஸிகள். புதிதாக எழுதுகிறவர் மூன்றையும் அந்த கிளாஸுக்குள்ளேயே ‘நியூ’ போட்டு உருவாக்குவார். ஓடவும் செய்யும். சோதிக்கப் போகும்போதுதான் சிக்கல். ஒவ்வொரு முறை டெஸ்ட் ஓட்டும்போதும் யாரோ ஒரு வாசகரின் போனுக்கு நிஜமாகவே செய்தி போகிறது. பிப்ரவரி 29 அன்று கணக்கு சரியாக வருமா என்று பார்க்க, அந்த நாள் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இப்போது ஒரே ஒரு மாற்றம். அந்த மூன்றையும் கிளாஸ் தானே உருவாக்காமல், தன் கன்ஸ்ட்ரக்டரில் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். செய்தி அனுப்புவதை ஒரு இன்டர்ஃபேஸாக வைத்துவிட்டால், டெஸ்ட்டில் செய்திகளைப் பட்டியலில் குறித்துக்கொள்ள மட்டும் செய்யும் போலி ஒன்றைக் கொடுக்கலாம். எப்போது கேட்டாலும் பிப்ரவரி 29 என்று சொல்லும் கடிகாரத்தையும் கொடுக்கலாம். நிஜ ஓட்டத்தில் ‘மெயின்’ மெத்தட் அசல்களை உருவாக்கிக் கொடுக்கும். டிபென்டென்ஸி இன்ஜெக்‌ஷன் என்பது இவ்வளவுதான். 2014-இல் வந்த ஜாவா 8, இப்படி வெளியிலிருந்து கொடுப்பதற்கென்றே ‘கிளாக்’ என்ற கிளாஸைத் தந்தது.

சோதனை எளிதாவதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு என்பேன். ஒரு கிளாஸுக்கு என்னென்ன தேவை என்பது அதன் கன்ஸ்ட்ரக்டரிலேயே பளிச்சென்று தெரிகிறது. அங்கே பதினொரு பெயர்கள் வரிசைகட்டி நின்றால், அந்த கிளாஸ் அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று பொருள்.

கிளாஸ்கள் நூற்றுக்கணக்கில் பெருகும்போது, எதை முதலில் உருவாக்குவது, எதை எதற்குக் கொடுப்பது என்று ‘மெயின்’ நீண்டுகொண்டே போகும். அந்த வேலையை ஏற்றுக்கொள்வதுதான் கன்டெய்னர். கன்ஸ்ட்ரக்டர்களைப் படித்து, தேவையான வரிசையில் ஆப்ஜெக்ட்களை உருவாக்கி, உரிய இடத்தில் சேர்க்கும். ஸ்பிரிங் பூட்டுக்கு அடித்தளமான ஸ்பிரிங்கின் கன்டெய்னர், நாம் வேறு மாதிரி சொல்லாதவரை, ஒவ்வொன்றிலும் ஒன்றைத்தான் உருவாக்கி எல்லோருக்கும் அதையே தரும்.

ஸ்பிரிங் பிறந்ததற்குக் காரணம் சலிப்பு. 1998-இல் வந்த ஈ.ஜே.பி. (என்டர்பிரைஸ் ஜாவாபீன்ஸ்) முறையில், சிறு வேலைக்கும் அது விதித்த இன்டர்ஃபேஸ்களை எழுதி, கனமான சர்வருக்குள் ஏற்றித்தான் ஓட்ட முடியும். இசையியலில் முனைவர் பட்டம் பெற்ற ராட் ஜான்சன், 2002-இல் ஒரு புத்தகம் எழுதி மாற்று வழி காட்டினார். அதனுடன் வந்த சுமார் 30,000 வரி கோடுதான் ஸ்பிரிங்கின் விதை. ஸ்பிரிங்கின் 1.0 பதிப்பு 2004 மார்ச்சில் வெளியானது. அதே ஆண்டு ஜனவரியில் மார்ட்டின் ஃபவுலர் எழுதிய கட்டுரை மூலம்தான் டிபென்டென்ஸி இன்ஜெக்‌ஷன் என்ற பெயரும் பரவியது.

ஸ்பிரிங் வெறும் லைப்ரரி அல்ல, ஃபிரேம்வொர்க். லைப்ரரியை நாம் அழைக்கிறோம். ஃபிரேம்வொர்க் நம்மை அழைக்கிறது. பிரவுசரிலிருந்து ஒரு கோரிக்கை வந்தால், எந்த கன்ட்ரோலரின் (கோரிக்கைகளைக் கையாளும் கிளாஸின்) எந்த மெத்தட் ஓட வேண்டும் என்று முடிவு செய்வது ஸ்பிரிங்தான். அழைப்பது அது என்றால், அந்த கன்ட்ரோலரை உருவாக்கி அதற்கு வேண்டியதைக் கொடுப்பதும் அதன் பொறுப்பாகவே இருக்க முடியும். பயன்பாட்டு ஃபிரேம்வொர்க்குகளில் பலவும் இன்ஜெக்‌ஷனைச் சேர்த்தே தருவது இதனால்தான்.

கன்ஸ்ட்ரக்டரை விட்டுவிட்டு, ஃபீல்டின் மேல் ‘ஆட்டோவயர்டு’ போடும் குறுக்குவழி தட்டச்சைக் குறைக்கும். ஆனால் தேவைகளை மறுபடி கண்ணிலிருந்து மறைத்துவிடும். கட்டாயத் தேவைகளுக்கு கன்ஸ்ட்ரக்டரையே ஸ்பிரிங்கின் கையேடும் பரிந்துரைக்கிறது. ஒன்றையொன்று கேட்கும் இரண்டு கிளாஸ்களை 2021-இல் வந்த ஸ்பிரிங் பூட் 2.6 முதல், நாமாக அனுமதித்தால் ஒழிய, ஏற்பதில்லை. நல்ல கண்டிப்பு.

புதிதாகக் கற்பவர் நூலக புரோகிராமை முதலில் கன்டெய்னர் இல்லாமல் எழுதிப் பார்க்கட்டும். எல்லா ‘நியூ’வும் ‘மெயின்’னில் மட்டும் இருக்கட்டும். பிறகு அதை ஸ்பிரிங் பூட்டுக்கு மாற்றி, அந்த வரிகளை ஒவ்வொன்றாக நீக்கலாம். கூடவே மின்னஞ்சல் அனுப்பும் கிளாஸ் ஒன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். ஒரே இன்டர்ஃபேஸுக்கு இரண்டு கிளாஸ்கள் இருக்கின்றன, எதைக் கொடுப்பது என்று கேட்டு ஸ்பிரிங் தொடங்க மறுக்கும். தன் கையால் இணைத்துப் பார்த்தவருக்கு அந்தக் கேள்வி உடனே புரியும்.