பானையின் அடியில் இருக்கும் சோறு

அண்ணன் மகள் பொது சுகாதாரம் படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டுக்கு வந்தவள், டீத் தம்ளரைக் கையில் வாங்குவதற்கு முன்பே போனை நீட்டினாள். "சித்தப்பா, இங்க பாருங்க. மூணே நாள்ல எவ்வளவு பேர் பதில் போட்டிருக்காங்க!"

பெண் குழந்தைகளுக்கு எச்பிவி தடுப்பூசி போடப் பெற்றோர் சம்மதிப்பார்களா என்பது அவளுடைய ஆய்வு. கருப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் காக்கும் ஊசி அது. கேள்விகளை கூகுள் ஃபார்மில் எழுதி, தெரிந்த வாட்ஸ்அப் குழுக்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறாள். பதில் சொன்னவர்களில் மிகப் பெரும்பாலோர் 'போடுவோம்' என்றிருந்தார்கள்.

"நம்ம மாவட்டத்துல பெரும்பாலானவங்க தயார்னு எழுதிடலாமா?"

"உட்காரும்மா. டீயக் குடி. அதுக்குள்ள அமெரிக்காவுல நடந்த ஒண்ணச் சொல்றேன்" என்றேன். அன்று அவளுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஃபார்ம் அனுப்புகிறவர்களுக்கும், அதில் வரும் விழுக்காட்டைச் செய்தியில் படிக்கிறவர்களுக்கும் இது உதவும்.

2020 ஏப்ரலில், கொரோனா பரவிக்கொண்டிருந்த நேரத்தில், கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் மேரிலாண்ட் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்குடன் சேர்ந்து ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கின. ஃபேஸ்புக் தன் பயனாளர்களில் சிலரைத் தினமும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து அழைப்பு காட்டும். அதைத் தொட்டால் பல்கலைக்கழகத்தின் பக்கம் திறக்கும். ஒவ்வொருவரும் சொன்ன பதில் பல்கலைக்கழகத்தோடு நிற்கும், ஃபேஸ்புக்குக்குப் போகாது. அமெரிக்காவைக் கார்னகி மெலனும் மற்ற நாடுகளை மேரிலாண்டும் பார்த்துக்கொண்டன. தடுப்பூசி வந்த பிறகு, 'போட்டுக்கொண்டீர்களா, போடுவீர்களா, தயக்கம் என்றால் ஏன்?' என்ற கேள்விகளும் சேர்ந்தன. அமெரிக்காவில் மட்டும் வாரத்துக்குச் சுமார் 2.5 லட்சம் பேர் பதில் சொன்னார்கள். வாரா வாரம் வீடு வீடாகப் போய் இத்தனை பேரைக் கேட்பது எந்த அரசுக்கும் எளிதல்ல.

ஆனால் தடுப்பூசி விஷயத்தில் ஒரு வசதி இருந்தது. எத்தனை பேருக்கு ஊசி போடப்பட்டது என்ற உண்மைக் கணக்கு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியிடம் இருந்தது. 2021 மே மாதத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதல் டோஸ் போட்டுக்கொண்டவர்களின் அளவை ஃபேஸ்புக் கணக்கெடுப்பு 17 விழுக்காட்டுப் புள்ளிகள் கூட்டிக் காட்டியது. மின்னஞ்சல், குறுஞ்செய்தி வழியாக அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை நடத்திய இன்னொரு பெரிய ஆய்வும் 14 புள்ளிகள் கூட்டிக் காட்டியது. அதே நேரத்தில், ஆக்ஸியோஸ் செய்தி நிறுவனமும் இப்சோஸ் ஆய்வு நிறுவனமும் வாரத்துக்குச் சுமார் 1,000 பேரை மட்டும் கேட்டன. அவர்கள் சொன்ன எண் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது.

2021 டிசம்பரில் நேச்சர் இதழில் இதை விளக்கி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்களில் ஹார்வர்டு புள்ளியியலாளர் சியாவ்-லி மெங்கும் ஒருவர். 2.5 லட்சம் பேரைக் கேட்டு வந்த அந்த மதிப்பீடு, குலுக்கலில் எடுத்த 10 பேரைக் கேட்டுச் சொல்லும் மதிப்பீட்டைவிடத் துல்லியமானது அல்ல என்று அவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

"பத்தே பேரா?" என்று அவள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

ஒரு ஊரில் 1,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். சரிபாதி, 500 பேர், ஊசி போட்டவர்கள். போட்டவர்களில் பத்துக்கு இரண்டு பேர் உன் ஃபார்மை நிரப்புகிறார்கள். அது 100 பதில். போடாதவர்களில் பத்துக்கு ஒருவர்தான் நிரப்புகிறார். அது 50 பதில். மொத்தம் 150 பதிலில் 100 பேர் போட்டவர்கள். பாதி என்பது மூன்றில் இரண்டாகிவிட்டது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. இப்போது ஊரைப் பெரிதாக்கு. 10 லட்சம் பேர் இருந்தாலும் அதே மூன்றில் இரண்டுதான் வரும். ஆளைக் கூட்டினால் இந்தப் பிழை குறையாது. பதில்கள் லட்சக்கணக்கில் இருப்பதைப் பார்த்து நமக்கு நம்பிக்கைதான் கூடும். பெருந்தரவின் முரண் என்று மெங் சொல்வது இதைத்தான்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீடுகளில் சொல்வது உண்மைதான். ஆனால் சமைக்கிறவர்கள் கிளறிவிட்டுத்தான் அந்த ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்ப்பார்கள். மேலே இருப்பதை மட்டும் ஒரு கரண்டி நிறைய அள்ளினாலும் அடியில் இருப்பது தெரியாது. ஃபேஸ்புக் அழைப்பைப் பார்த்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் பதில் சொன்னார்கள். அந்த ஒருவர் எப்படிப்பட்டவர்? வயது, பால் இரண்டையும் வைத்து எடையிட்டுச் சரிசெய்தார்கள். படிப்பையும் இனத்தையும் வைத்துச் சரிசெய்யவில்லை. கணக்கெடுப்புத் துறை அவற்றையும் சரிசெய்தது, ஆனாலும் பிழை போகவில்லை. உடல்நலம் பற்றிய கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்லும் பொறுமையும் நம்பிக்கையும் உள்ளவர், தடுப்பூசியையும் கொஞ்சம் கூடுதலாக நம்பக்கூடியவர். அந்த நம்பிக்கையை வயதாலோ படிப்பாலோ முழுதாக அளந்துவிட முடியாது.

இதைக் கேட்டதும் அவள் போனை மூடி வைத்தாள். "அப்போ ஆன்லைன்ல கேக்கறதே தப்பா, சித்தப்பா?"

இல்லம்மா. சரியாகச் சொன்ன அந்த 1,000 பேரும் ஆன்லைனில்தான் பதில் சொன்னார்கள். ஆனால் இப்சோஸ் ஆளைப் பிடித்த விதம் வேறு. வீட்டு முகவரிப் பட்டியலிலிருந்து குலுக்கலில் எடுத்து, தபாலில் அழைத்துச் சேர்த்த குழு அது. வீட்டில் இணையம் இல்லாதவர்களுக்கு டேப்லெட்டும் இணைய இணைப்பும் கொடுத்தார்கள். அதாவது, கிளறிவிட்டு எடுத்தார்கள்.

ஃபேஸ்புக் கணக்கெடுப்பையும் வீண் என்று தள்ளிவிடக் கூடாது. மாற்றத்தைப் பார்க்கவும், ஊருக்கு ஊர் ஒப்பிடவும்தான் முதன்மையாக அதை வடிவமைத்தோம் என்று நடத்தியவர்களே விளக்கினார்கள். எத்தனை பேர் என்ற கேள்விக்குத் தடுமாறிய அது, ஏன் என்ற கேள்விக்கு நிறையத் தந்தது. பக்கவிளைவு பயமா, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்ற எண்ணமா, அரசின் மீது அவநம்பிக்கையா? ஒவ்வொரு தயக்கத்துக்கும் வேறு வேறு மருந்து வேண்டும். பொறுத்துப் பார்ப்பவரிடம் ஏற்கனவே போட்டுக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர் பேசினால் போதும். பக்கவிளைவுக்குப் பயப்படுகிறவரிடம் மருத்துவர் உட்கார்ந்து பேச வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதில் சொல்கிற கூட்டம் மாதா மாதம் மாறிக்கொண்டே இருந்தால், மாற்றத்தைக்கூட நம்ப முடியாது.

மனிதர்கள் ஃபார்மில் சொல்லாததைத் தேடல் பெட்டியில் கேட்பதும் உண்டு. 2021இல் கூகுள், தடுப்பூசி பற்றிய தேடல்களைப் பெயர் அடையாளமின்றித் தொகுத்து, பகுதி வாரியாக வெளியிட்டது. தடுப்பூசி பற்றிய பொதுவான தேடல், எங்கே போடுவார்கள் என்ற தேடல், பாதுகாப்பையும் பக்கவிளைவையும் பற்றிய தேடல் என்று பிரித்துக் காட்டியது. ஒரு பகுதியில் 'எங்கே' என்ற தேடல் நிறைய இருந்தால் அங்கே முகாம் தேவைப்படலாம். பக்கவிளைவுத் தேடல் உயர்ந்தால் அங்கே விளக்கம் தேவைப்படலாம்.

ஆனால் நம் ஊரில் பேச்சு அதிகம் ஓடுவது வாட்ஸ்அப்பில். அது மூடிய அறை. வெளியிலிருந்து யாரும் எட்டிப் பார்க்க முடியாது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழ்நாட்டில் தொடங்கியது நினைவிருக்கலாம். 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஊசி. வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளால் பல பெற்றோர் பயந்தார்கள். இயக்கத்தின் கடைசித் தேதியை நீட்டித்துத்தான் குழந்தைகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. தலைமுறைகளாகத் தடுப்பூசிக்கு ஒத்துழைத்த மாநிலம் இது. அந்த அச்சம் அந்தந்தத் தெருவில், பள்ளி வாசலில், நர்சம்மாவின் காதில்தான் முதலில் விழுந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. 'போடுவேன்' என்று சொன்னவர்கள் எல்லாரும் போட்டுவிடுவதில்லை. தடுப்பூசிக்கு வருவதை உலக சுகாதார நிறுவனம் நான்கு வகையாகப் பார்க்கச் சொல்கிறது: மக்கள் என்ன நினைக்கிறார்கள், சுற்றி இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள், தனக்கே எவ்வளவு ஆர்வம் இருக்கிறது, போய்ப் போட்டுக்கொள்ள வழி இருக்கிறதா. மகளுக்கு ஊசி போட முழு மனதோடு இருக்கும் ஒரு தாய்க்கு, அன்றைய கூலி போய்விடும் என்றால், அவளால் வர முடியாது. அவளைத் தயங்குபவள் என்று எழுதினால் அது அவளுக்குச் செய்யும் அநீதி. இதை ஃபார்மில் கேட்கலாம். ஆனால் அவளிடம் ஃபார்ம் போய்ச் சேர வேண்டுமே.

டீ முடிந்திருந்தது. "இப்ப நான் என்ன செய்யட்டும்?" என்றாள்.

மூன்று வேலை சொன்னேன். வந்த பதில்களைத் தூக்கிப் போடாதே, ஆனால் 'மாவட்டத்தில் இத்தனை விழுக்காடு' என்று எழுதாதே, 'பதில் சொன்னவர்களில்' என்று எழுது. பதில்களில் பெற்றோர் எழுதியிருக்கும் காரணங்களை ஒன்று விடாமல் படி, அதுதான் உன் ஆய்வின் செல்வம். பிறகு, கிராம சுகாதார செவிலியரிடம் இருக்கும் குடும்பப் பட்டியலிலிருந்து குலுக்கலில் 50 வீட்டை எடு. அவருடன் நடந்து போய்க் கேள். கதவு பூட்டியிருந்தால் சாயங்காலம் மறுபடி போ. ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டை விட்டுவிடாதே.

இதைப் படிக்கிற உங்களிடமும் ஒரு வேண்டுகோள். மக்களில் இத்தனை விழுக்காட்டினர் தடுப்பூசிக்குத் தயார் என்று எங்காவது ஒரு எண்ணைப் பார்த்தால், எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். யாரிடம் கேட்கவில்லை என்று கேளுங்கள். தடுப்பூசி இன்னும் போய்ச் சேராத குழந்தை பெரும்பாலும் அப்படிக் கேட்காமல் விட்ட வீட்டில்தான் இருக்கும்.